மேசைக்கு வராத படைத்தலைவன்

மரியே வாழ்க

நாகப்பட்டினம்,
5 அக்டோபர் 2006

அன்புள்ள தம்பி ஜோஸ்வாவுக்கு,

அத்தையும் நானும் சுகம். லெஸ்டரில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோக்கள் வந்தன. மேசைமேல் பகடை உருட்டிச் சண்டை போடுகிற கட்டைவிரல் உயரப் பொம்மைப் படைக்குப் பூர்வ கதை வேண்டும், பழைய போர்ப் பாட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுங்கள் அண்ணி என்று கேட்டீர்களே, அப்போது சிரித்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக் கேட்கிற பாட்டுகளை அங்கே வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள் என்றால் சும்மாவா! ஆனால் மாடு கவரப் போகிறவர்களுக்கு வெட்சிப் பூ என்று எழுதியிருந்தேன், நீங்கள் மஞ்சள் பூ வைத்திருக்கிறீர்கள். வெட்சி என்றால் நம் வாசலில் நிற்கிற இட்லிப்பூ, தம்பி. சிவப்பு. அதற்குள் மறந்துவிட்டதா?

அந்தப் பொம்மைகளில் படைத்தலைவனைப் பார்த்ததும்தான் போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எந்தத் தலைவன் தோளில் கிரீஸ் துணி போட்டிருக்கிறான்? படகு இன்ஜின் தூக்கித் தூக்கி இறங்கிப்போன இடது தோள் அது. உங்கள் அண்ணன் செலஸ்டினை நீங்கள் ஆசையாகத்தான் செய்திருக்கிறீர்கள், தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், மாரியப்பன் படகைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று துறைமுகத்துக்குப் போனாரே, அதே ஆள். கடல் பொங்கியபின் மாரியப்பன் உடல் கிடைத்தது. இவர் கிடைக்கவில்லை.

போட்டோவை அத்தை பார்த்துவிட்டார்கள். பெரியவன் எப்போது சின்னவனிடம் போனான் என்று கேட்டார்கள். பொம்மை என்றேன். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா என்றார்கள். அன்றிலிருந்து அவர் லண்டனில் இருப்பதாகத் தெருவெல்லாம் போய்ச் சொல்லிவருகிறார்கள். கல்லறைத் திருநாளன்று கல் வைக்கச் சம்மதித்திருந்தவர்கள், உயிரோடு இருப்பவனுக்கு எதற்கு என்று இப்போது சண்டைக்கு வருகிறார்கள். பெயர் வெட்டிய கல் கொல்லையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. அந்தப் பக்கம் போகவே மனம் கூசுகிறது.

அத்தையை மட்டும் சொல்வானேன். நேற்று பஸ் ஸ்டாண்டில் இறங்கின தோள் ஒன்றைக் கண்டு பின்னாலேயே போனேன். அந்த ஆள் திரும்பி, என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

இவரை மட்டும் மேசையில் இறக்கியதே இல்லை, இறக்கினால் விழுந்துவிடுவார் என்று போட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். நான் அனுப்பிய பாட்டுகளில் விழுந்தவனுக்குத்தான் கல் நடுகிறார்கள். டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறவனுக்கு யார் நடுவது? அங்கிருந்து அவர் நம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அவரை இறக்குங்கள். முன்வரிசையில் நிற்கட்டும். பகடை விட்டுவைத்தால் மறுபடியும் இறக்குங்கள். விழுந்ததும் அழுதுவிடுங்கள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுங்கள். உங்கள் கையால் கொடுத்தால்தான் அத்தை நம்புவார்கள். வெறும் மண்மேல் கல் வைக்க எனக்கும் மனம் வரவில்லை. எங்களிடம் புதைக்க வேறு எதுவும் இல்லை.

வேளாங்கண்ணி மாதா உங்கள் இரண்டு பேரையும் கடல் தாண்டிப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும் அண்ணி,
ஃபிளோரா