கடைசி மடிப்பில் மூன்றாவது பெயர்

ஆகஸ்ட் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. பள்ளிக்கூட அங்கிகள் பதினொன்று பாக்கி இருந்தன, ஏழுதான் முடிந்தன. இரவு ஏழு மணிக்கு அன்செல்மோ மகளுடைய அங்கியை வாங்க வந்தான், நனைந்த கோழி மாதிரி. “என்னப்பா நடந்து வர்றே? வண்டி எங்கே?” என்றேன். “ஒஸ்வால்தோ ஐயாவே ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு அக்கா. முதலாளி ஓட்டுறாரு, டிரைவர் நடக்கிறான். தேர்தல் வந்தா இப்படித்தான்.” ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தது. நான் அதைத் தைத்து முடிக்கும்வரை அடுப்போரம் உட்கார்ந்து என் மாத்தே தேநீரை உறிஞ்சித் தீர்த்தான். எட்டேகாலுக்குத்தான் கிளம்பினான். நாளைக்கு மாத்தே இலை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 10
நேற்று இரவு ஏழரை மணிக்குத் தானியக் கிடங்கு வளைவில், சைக்கிளில் வந்த ரொட்டிக்கடை நிகாசியோவை ஒரு வெள்ளை வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. நினைவு திரும்பவில்லையாம். மூன்று பிள்ளைகள். பாவம் அவன் மனைவி ரமோனா, என்ன செய்வாள்?

ஆகஸ்ட் 11
ஒஸ்வால்தோவின் வண்டியாம். ஓட்டியது அன்செல்மோவாம். அவனே போலீஸில் போய் ஒப்புக்கொண்டானாம்.
திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஏழு மணி. எட்டேகால். என் கையெழுத்துதான்.
கடிகாரம் தப்பாக ஓடியிருக்குமோ?

ஆகஸ்ட் 15, ஞாயிறு
கோயில் மணியோடு ஒத்துப் பார்த்தேன். கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 21
ஒஸ்வால்தோ வந்திருந்தார். என் மகளுக்கு ஞானத்தகப்பன். இந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. “ஊர் பேசுறதை நம்பாதே நெலி. அன்செல்மோ என் பிள்ளை மாதிரி. அபராதம் கட்டிக் கேஸை முடிச்சுடுவேன். நகராட்சியில நிரந்தர வேலையும் போட்டுத் தர்றேன்.” கேட்காமலே இவ்வளவு சொன்னார். எழுந்து போகும்போது, “நகரசபைப் பட்டியல்ல மூணாவது இடம் உனக்கு. பேசியாச்சு” என்றார்.
கட்சிக்கு விழும் வாக்குக்கு ஏற்பப் பட்டியலில் மேலிருந்து எடுப்பார்கள், மூன்றாவது இடம் என்றால் வெற்றி நிச்சயம். இருபது வருஷம் இந்தக் கட்சிக்குக் கொடி தைத்தேன், காபி போட்டேன், நாற்காலி அடுக்கினேன். இப்போதுதான் என் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது இவர்களுக்கு.

செப்டம்பர் 2, வியாழன்
கமிட்டிக் கூட்டம். பட்டியலைத் தாக்கல் செய்ய இரண்டே நாள் இருக்கிறது. மேயர் வேட்பாளராக ஒஸ்வால்தோ இருப்பதா, விலகச் சொல்வதா?
தலைவர் செலஸ்தினோ மருந்துக்கடைக்காரர். எதையும் பொட்டலம் கட்டிப் பேசுவார். “பிள்ளையைப் பெத்தாச்சு. மூக்கு கோணல்னு திருப்பிக் குடுக்க முடியுமா?”
டீச்சர் மிர்த்தா விடவில்லை. “மூக்கு இல்லைங்க, ரத்தம். அந்த வண்டியை யார் ஓட்டினாங்கன்னு தெரியாம நான் கை தூக்க மாட்டேன்.”
“டிரைவர் ஒப்புக்கிட்டான். இன்னும் உனக்கு என்னம்மா வேணும்? அவரை எடுத்துட்டா ஜெயிக்க வேற ஆள் இருக்கா?”
மூன்று கை ஆதரவு, மூன்று கை எதிர்ப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை தானாக ஏறியது என்று எழுதத்தான் ஆசை. தானாக எந்தக் கை ஏறும்? எனக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கினேன். மூன்றாவது இடம் வேண்டும் எனக்கு. இங்கேகூடப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?
மிர்த்தா ராஜினாமா செய்துவிட்டுப் போனாள். ஒஸ்வால்தோ என் நெற்றியில் முத்தமிட்டார்.

செப்டம்பர் 27
எங்கள் கட்சியின் வாக்குச்சீட்டுகள் அச்சாகி வந்துவிட்டன. ஒரு முழம் நீளத் தாள். முதல் மடிப்பில் ஜனாதிபதி, பிறகு ஆளுநர், அப்புறம் மற்றவர்கள். கடைசி மடிப்பில் மேயருக்கு ஒஸ்வால்தோ, பல் தெரியச் சிரிக்கும் படத்தோடு. அதன் கீழே நகரசபைப் பட்டியல். மூன்றாவது நான். நெலிடா அரகோன். விரலால் தடவிப் பார்த்தேன். மை ஒட்டவில்லை.

அக்டோபர் 3
வீடு வீடாகச் சீட்டு கொடுக்கிறேன். மடித்துக் கொடுத்தால் பத்திரமாக வைத்திருந்து வாக்களிக்கும் நாளில் கொண்டுவருவார்கள், அதுதான் வழக்கம். வேண்டாத மடிப்பை வெட்டிவிட்டுப் போட்டாலும் மற்றது செல்லும். இந்த வருஷம் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? “கடைசி மடிப்பை வெட்டிட்டுக் குடு நெலி. மத்தவங்களுக்குப் போடறேன், அந்த ஆளுக்குப் போட மாட்டேன்.” “அதுல என் பேரும் இருக்கே” என்றேன். “அடடா! உன்னை மட்டும் தனியா வெட்டி எடுக்க முடியாதா?” என்று கிழவர் ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.
ஒரு கத்தரிக்கோலாலும் முடியாது. தையற்காரிக்குத் தெரியாதா?

அக்டோபர் 8
நிகாசியோ இறந்துவிட்டான்.
அபராதம் என்றாரே ஒஸ்வால்தோ. அபராதமாம்! சாயங்காலம் அன்செல்மோவை விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் 12
அன்செல்மோவின் மனைவி கிரிசெல்டா வந்தாள். உட்காரவில்லை.
“அக்கா, அன்னிக்கு அந்த நேரம் அவரு உங்க வீட்டுலதானே இருந்தாரு? அங்கியோட வந்தாரே.”
நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.
“சின்னக் கேஸ்தான், வேலை கிடைக்கும்னு சொல்லி ஒத்துக்க வச்சாங்க. இப்ப அவரே உண்மையைச் சொன்னாலும் யாரு நம்புவா? நீங்க எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீங்கன்னு ஊருக்கே தெரியும். எழுதலைன்னு சொல்லிடுங்க, போயிடறேன்.”
எழுதலைன்னு சொல்லிட்டேன்.
சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டு வந்து இதை எழுதறேன். என்ன பொம்பளை நான்?

அக்டோபர் 13
நோட்டை அடுப்பில் போட்டால் ஒரே நிமிஷம். இரண்டு முறை அடுப்பைத் திறந்து மூடினேன்.

அக்டோபர் 17, ஞாயிறு
கடைசிப் பொதுக்கூட்டம். மேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, என் கையைத் தூக்கிப் பிடித்து, “இந்தக் கை நம்ம கட்சியைக் காப்பாத்தின கை!” என்று கத்தினார் ஒஸ்வால்தோ. கைதட்டல். கூட்டத்தின் ஓரத்தில் கறுப்பு உடையில் ரமோனா நின்றிருந்தாள். அவள் கைதட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 20, புதன்
அரசு வழக்கறிஞர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
பையில் கத்தரிக்கோலும் கொண்டுவந்தேன். ஆகஸ்ட் 9-ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் சுத்தமாக வெட்டித் தருகிறேன் என்று சொன்னேன். உள்ளே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. சிரிக்காமல் சொன்னாள்: “தனித்தாள் செல்லாது அம்மா. இன்னிக்கு உக்காந்துகூட எழுதியிருக்கலாமே. முழு நோட்டையும் குடுத்தா எடுத்துக்கறேன். யோசிச்சுட்டு வாங்க.”
முழு நோட்டு என்றால் செப்டம்பர் 2-ம் சேர்த்துத்தான். 12-ஆம் தேதிப் பொய்யும்.
யோசித்துவிட்டேன். கூப்பிடுகிறாள்.

நவம்பர் 6
துணி வெட்டும் மாதிரித் தாளில் எழுதுகிறேன். நோட்டு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கட்சி முந்நூறு வாக்கில் தோற்றது. நானும் அந்தக் கடைசி மடிப்பை வெட்டிவிட்டுத்தான் போட்டேன், என் பெயரோடு சேர்த்து. அன்செல்மோ வீட்டுக்கு வந்துவிட்டான், பொய் சொன்னதற்கு அவன்மீது வேறு வழக்கு இருக்கிறது. ஒஸ்வால்தோ உள்ளே. கொடித் துணியைத் திருப்பி வாங்கிப் போக ஆள் அனுப்பினார் செலஸ்தினோ. என் மகள் பேசுவதில்லை, ஞானத்தகப்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம்.
இன்று ரமோனா வந்தாள். கையில் மூன்று அங்கிகள்.
“உங்க நோட்டை முழுக்க வாசிச்சுக் காட்டினாங்க. செப்டம்பர் ரெண்டாம் தேதி எழுதினதையும்.”
மாத்தே ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. என் கை நீட்டியபடியே இருந்தது.
“பொத்தானை அழுத்தித் தைங்க. திங்கட்கிழமை பள்ளிக்கூடம்” என்றாள்.
வந்தது நான்கு மணி. போனது நான்கு மணி மூன்று நிமிடம்.