மனுவில் நான் எழுதிய வரி

பிப். 10, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். ஆர்டர் இல்லை என்று ஷூ கம்பெனி எங்களை நிறுத்தி மூன்று மாதம். இன்று தாலுகா ஆபீஸில் நிவாரண முகாம், வேலை போனவர்களுக்கு வாடகை உதவி. எங்கள் லைன் வீட்டில் நாலு குடித்தனம். நாலு மனுவும் நான் எழுதியது.

கிளார்க் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இப்டி மொட்டையா எழுதினா மேல எடுக்க மாட்டாங்கம்மா. எத்தன மாசம் வாடகை குடுக்கலன்னு தெளிவா போடு."

போட்டேன். 'மூன்று மாதமாக வாடகை செலுத்த இயலாமல், இனியும் செலுத்த வழியின்றி.' வரி நன்றாக அமைந்ததென்று உள்ளுக்குள் பெருமை வேறு.

வாங்க வேண்டியது: சோப்பு, ரீஃபில், அம்மாவுக்கு மாத்திரை (ஒரு அட்டை போதும்).

பிப். 12, வியாழன்

நூலகப் புத்தகம் இன்னும் திருப்பித் தரவில்லை. பக்கத்து வீட்டு மெர்சி அக்கா, கம்பெனியிலும் என் பக்கத்து மெஷின். அவர் மகள் ஷாலினிக்கு அடுத்த மாதம் பத்தாவது பப்ளிக். மேப் சொல்லிக் கொடுத்தேன். பாலாற்றைக் காட்டினால், "தண்ணியே இல்ல, நீலக் கலர்ல போட்டிருக்காங்க" என்கிறாள்.

பிப். 18, புதன்

கோபம்.

காலையில் ஹவுஸ் ஓனர். கையில் எங்கள் மனுக்களின் நகல். 'விசாரணைக்காக' ஆபீஸிலிருந்து அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். என் வரியை உரக்கப் படித்தார். "குடுக்க வழியில்லன்னு நீங்களே கையெழுத்து போட்டுட்டீங்க. இனிமே நான் இன்னா பேசறது? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

மெ. அக்கா: "பொண்ணுக்குப் பரீட்சைங்க. முடிஞ்சதும் போய்டறோம்."

"எங்க இருந்து எழுதினாலும் பரீட்சதான்மா."

தாலுகா ஆபீஸ் ஓடினேன். அதே கிளார்க். "ஓனர்கிட்ட கேக்காம எப்டி? ரூல் அது." பிறகு நல்லது சொல்கிற மாதிரி, "காலி பண்ணிட்டீங்கன்னா வாடகை உதவி வராது, பாத்துக்கோ."

கஷ்டத்தை எழுதச் சொன்னவர்கள் அவர்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்கள். இதற்குப் பெயர் நிவாரணம். அந்த வரியை ஓனர் மனப்பாடமே செய்துவிட்டார்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

பிப். 20, வெள்ளி

ஓனர் மறுபடியும். வெள்ளை சார்ட், மார்க்கர். என்னிடம்: "கையெழுத்து முத்து மாதிரி இருக்குதே. 'வீடு வாடகைக்கு'ன்னு பெருசா எழுதிக் குடும்மா." கிண்டல்கூட இல்லை. நிஜமாகவே கேட்கிறார். வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் மெ. அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பார்த்தால் அவர்கள் வாசல் கதவில் அதே சார்ட். ஷாலினியின் பரீட்சை அட்டவணை. ஐந்து பாடம், ஐந்து தேதி. கடைசித் தேதிக்குக் கீழே மெ. அக்காவின் கோணல் எழுத்து: 'அதுவரைக்கும் போக மாட்டோம்.'

நான் எழுதிய நாலு மனுவிலும் இப்படி ஒரு வரி இல்லை.

நாளை வாங்க வேண்டியது: மாத்திரை. சார்ட், மூன்று.