லாபிர் மருந்தெடுத்த திங்கட்கிழமைகள்

1979 ஏப்ரல் 2, மூதூர்

இன்றும் என் புருஷன் லாபிர் கிளினிக்குக்குப் போயிருப்பார். துறைமுகத்தில் பித்தளை களவெடுத்த வழக்கில் நீதவான் அவரை மறியற்சாலைக்கு அனுப்பவில்லை. இளம் வயது என்று நன்னடத்தையில் விட்டார். திருகோணமலையில் தன் மூத்த சகோதரி றுக்கியா ராத்தா வீட்டில் இருந்து, திங்கள்தோறும் ஆஸ்பத்திரியில் அபின் பழக்கத்துக்கு மருந்தெடுக்க வேண்டும். மூதூர்ப் பக்கம் வரக்கூடாது. பழைய கூட்டாளிகள் இங்கேதான்.

நான் மகள் லைலாவோடு வாப்பா வீட்டில். நடுவில் கடல்.

ஏப்ரல் 11

லைலா ‘வாப்பா’ சொல்லப் பழகிவிட்டாள். என்னுடைய வாப்பாவைப் பார்த்துச் சொல்கிறாள்.

ஏப்ரல் 19

“காதியாரிட்டப் போய் விவாகரத்து எடுப்பம் அசனா. உனக்கு இன்னும் வயசிருக்கு,” என்றார் வாப்பா. அலுமாரியில் லாபிருடைய சாரம் ஒன்றைத் துவைக்காமலே வைத்திருக்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?

மே 7

கூட்டாளி ஸல்ஹா வீட்டுக்கு என்று உம்மாவிடம் பொய் சொல்லி, மகளோடு திருகோணமலை போகும் லோஞ்சுப் படகில் ஏறிவிட்டேன். கிளினிக்கின் மர வாங்கில் மதினி றுக்கியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, கை நடுங்கிக்கொண்டு. எங்களைக் கண்டதும் எழும்பினார். கிட்ட வரவில்லை.

“மகளுக்கு என்னைத் தெரியுமா?”

“ஓம்,” என்றேன். அவர் கையை நீட்ட, அவள் வீரிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “பரவாயில்ல,” என்றார். அந்தச் சொல் ராவெல்லாம் என்னோடு கிடக்கிறது.

மே 28, மதினி வீடு

இன்றும் மகளோடு லோஞ்சேறி வந்தேன்; கிளினிக் வாங்கில் மதினி மட்டும். பக்கத்துச் சீனன்குடாவில் பழைய கூட்டாளி எவனோ அபின் கொடுத்திருக்கிறான், இவரும் எடுத்திருக்கிறார். வெட்கத்தில் அறையைப் பூட்டிக்கொண்டாராம். தாதி பூரணி மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: “திரும்பப் பாவிச்ச ஆக்களை நாங்கள் துரத்திறேல்லை, தங்கச்சி. நாளைக்கெண்டாலும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

மதினி வீட்டுக்கு வந்து அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

“போ அசனா. உன்ட வாப்பா சொல்றதக் கேளு.”

“நீங்க வராட்டி நான் இஞ்சதான். மூதூர் லோஞ்சு போனாப் போகட்டும்.”

லோஞ்ச் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

மே 30

நேற்று மருந்தெடுத்தார். இன்று வாப்பா ஆள் அனுப்பினார் — உடனே வா, இல்லாவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று. உம்மாவைப் பாக்கவேணும் போல கிடக்கு. அவட மடியில கொஞ்சம் படுக்கவேணும். போகமாட்டன்.

ஜூலை 9

சும்மா இருந்தாலும் உம்மாவின் குரல் கேட்கிறது. லாபிர் தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கை நடுக்கம் குறைவு.

செப்டம்பர் 10

முதல்தடவையாக அவரைத் தனியே கிளினிக்குக்கு அனுப்பினேன். “பயமில்லையா?” என்றார் மதினி. “இருக்கு,” என்றேன். மத்தியானம் தாண்டியும் ஆளைக் காணவில்லை. சோறு ஆறியது. எங்கே போனார்? யாரைச் சந்தித்தார்?

வாசல் படலை திறந்தது. அவர்தான். பின்னால் உம்மா.

“மாமி ஆஸ்பத்திரி வாசல்ல எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டா,” என்றார். “மருந்தெடுத்து முடியுமட்டும் கூடவே இருந்தா.”

“வாப்பாக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார் உம்மா. “பொழுதுபட முந்திப் போயிருவன்.”

எனக்கு அழுகைதான் வந்தது. உம்மா சோற்றுக் கோப்பையை எடுத்து, முதலில் அவருக்குத்தான் சோறு போட்டார்.