அரை டம்ளர் காபி

4 ஜூன் 1956, திங்கள்

பத்தியம் தொடங்கிப் பன்னிரண்டு நாள். உப்பில்லாச் சோறு, உப்பில்லாக் கீரை, ரசம் என்ற பெயரில் ஒரு வெந்நீர். வகுப்பில் யாப்பு நடத்தும்போதுகூட வாய் சப்பென்று இருக்கிறது.

டாக்டர் சுவாமிநாதன் கறாரான ஆள். "சிறுநீரகம் கெட்டிருக்கு சார். ஆறு மாசம் உப்பு நாக்குல படக் கூடாது. பட்டா வீக்கம் மேல ஏறும். ஏறிட்டா என் கையில இல்லை" என்றார். கறி கூடாது, பருப்பு கூடாது என்றதற்கெல்லாம் தலையாட்டினேன். காபி என்றபோது மட்டும் கெஞ்சினேன். நாற்பத்தேழு வயது வாத்தியார், கால் வீங்கிய நிலையில், இன்னொரு மனிதனிடம் காபிக்குக் கெஞ்சியதை நினைத்தால் எனக்கே வெட்கம். காலையில் மட்டும் அரை டம்ளருக்கு அனுமதி கொடுத்தார்.

5 ஜூன்

அந்த அரை டம்ளரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

சுபுஹு தொழுதுவிட்டுக் கூடத்தில் உட்காருவேன். அடுக்களையில் என் மனைவி கமர் ஆற்றும் சத்தம் கேட்கும். முதலில் வாசம் மட்டும்தான் வரும், அதற்கு டாக்டர் அளவு வைக்கவில்லை. பிறகு டம்ளர். நுரை அடங்கும்வரை காத்திருப்பேன். முதல் மிடறு சூட்டுக்கு, இரண்டாவது கசப்புக்கு. மூன்றாவதில்தான் காபி தெரியும். முன்பெல்லாம் நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்தவன், ஒன்றையாவது இப்படிக் குடித்தேனா?

17 ஜூன், ஞாயிறு

இன்று சோற்றில் உப்பு இருந்தது.

லேசாகத்தான். ஆனால் இருபத்தைந்து நாளாக உப்பைக் காணாத நாக்கை ஏமாற்ற முடியாது. கமருன்னிசா எனக்கென்று தனிச் சட்டியில் சமைக்கிறாள், கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.

18 ஜூன்

இன்றும். கை தவறவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. இது மனைவி வீடு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையாக வந்து பத்தொன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறேன். மாமியார் ஜன்னத் ஒருநாளும் என் எதிரில் வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு அவர் தரும் மரியாதை அது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல், "மாப்புளைக்கு இன்னும் வைய்யி" என்று ஒரு குரல், அவ்வளவுதான் மாமி. ஆனால் யார் சமைத்தாலும் மாப்பிள்ளையின் தட்டில் உள்ளே மாமியின் கைதான் சோறு போட்டு அனுப்பும். அந்தக் கை வழியாகத்தான் உப்பு வருகிறது.

கமரிடம் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு உப்பு இருக்காது.

29 ஜூன், வெள்ளி

தினமும் இருக்கிறது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். "பத்தியம் பழகிப்போச்சுல்ல?" என்று கமர் சந்தோஷப்பட்டாள். ஆமாம் என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

19 ஜூலை, வியாழன்

ஹஜ்ஜுப் பெருநாள். செருப்பு காலில் ஏறவில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொன்னேன்.

23 ஜூலை, திங்கள்

டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். விழுந்த குழி எழும்பவே இல்லை. என்னை விட்டுவிட்டுக் கமரைப் பார்த்தார்.

"உப்பு போடுறீங்களாம்மா?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க டாக்டர்."

"பின்ன இது எப்படி வந்துச்சு? புருசன் மேல பாசம்னா இதுவா பாசம்?"

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயில் நாக்கு இருந்தது — ஒரு மாதமாக உப்பை ருசித்த அதே நாக்கு. ஒரு வார்த்தை பேசினேனா? குதிரை வண்டியில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தேன். சீ, நானெல்லாம் என்ன மனுசன்.

24 ஜூலை

மத்தியானம் கமர் தட்டைத் தன் உம்மாவிடம் கொடுக்காமல் தானே சோறு வைத்து எடுத்து வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"கமரு, மாப்புளைட்ட சொல்லும்மா. நான்தான் போட்டேன். வீட்டுக்கு வந்த மாப்புளைக்கு உப்பில்லாச் சோத்தை வைக்க எனக்குக் கை வரலை. ஒரு சிட்டிகைதானே, என்ன செஞ்சிடப் போவுதுன்னு…"

இதற்கு மேலும் ஒளிய எனக்கு இடமில்லை.

"மாமி, எனக்கு மொத நாளே தெரியும். ருசியா இருந்துச்சு. அதான் சொல்லலை."

கமர் தன் உம்மாவைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நேத்து டாக்டர் கேட்டப்ப வாயத் தொறந்திருக்கலாமேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

30 ஜூலை

வீட்டில் இப்போது ஒரே சட்டி. யாருக்கும் உப்பில்லை. மாமியின் உத்தரவு. வயசான நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு இருமல்.

காபி வருகிறது, அளவு பிசகாமல். கமர் டம்ளரைக் கையில் கொடுப்பதில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

9 செப்டம்பர், ஞாயிறு

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இன்று டம்ளரைக் கையில் கொடுத்தாள். காபி தெரிய மூன்றாவது மிடறுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

26 அக்டோபர், வெள்ளி

காலையில் கண் இமை ஊதிக் கிடக்கிறது. பள்ளிக்கூடப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

14 நவம்பர், புதன்

நல்ல மழை. டாக்டரே வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "சார், இனிமே பத்தியம் எல்லாம் வேணாம். வாய்க்குப் பிடிச்சதைச் சாப்பிடுங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னார். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பையை மூடுவதில் மும்முரமாக இருந்தார். இனி தேறமாட்டான் என்று தெரிந்த பையனை நானும் திட்டுவதில்லை. போய் விளையாடுடா என்று அனுப்பிவிடுவேன்.

வாசல்வரை போய் மெதுவாகக் கேட்டேன், அந்த ஒரு மாச உப்புதானா என்று. "தெரியாது சார். அது இல்லாமலும் வந்திருக்கலாம்" என்றார். இதை இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். மாமிக்குத் தெரிந்தால் அந்தச் சிட்டிகையை நினைத்தே உயிரை விட்டுவிடுவார். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இன்றைக்குப் பேசக் கூடாது. பயமாக இருக்கிறது.

15 நவம்பர்

மத்தியானம் கதவு திறந்தது. மாமியே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். இவ்வளவு குள்ளமான மனுஷி என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. வெள்ளைச் சோறு, அதன் மேல் ஊற்றிய கொடுவா மீன் ஆணம், பொரித்த துண்டு. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்று கேட்டார்:

"உப்பு சரியா இருக்கா மாப்புள?"

உப்பை மறந்த நாக்குக்கு அது கரித்தது. "சரியா இருக்கு மாமி. நீங்களும் உக்காந்து சாப்புடுங்க" என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டோம். கமர் பரிமாறினாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல்.

16 நவம்பர், வெள்ளி

உட்கார்ந்தே தொழுதேன். காபி வந்தது, வழக்கமான அரை டம்ளர். நுரை அடங்கக் காத்திருந்து, நிதானமாகக் குடித்து முடித்தேன். கமர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது டம்ளர் நிறைய இருந்தது. நான் கேட்கவில்லை.

"ஆறிடப் போவுது, குடிங்க" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.