ஆகாதவை ஆறு

ஜூலை 8, திங்கள்

பெரிய மிஸ், அதாவது எங்கள் தலைமையாசிரியை, மணி அடிப்பதற்கு முன்பே அறைக்குக் கூப்பிட்டார். "அந்த ஆட்டிசப் பொண்ணு இந்த வருஷம் உங்க அஞ்சாம் வகுப்புல. ரெண்டு தடவை பொறுத்துக்குவேன். மூணாவது தடவை ரகளை ஆச்சுன்னா அவங்கம்மாவைக் கூப்பிட்டு வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடுவேன்."

ரகளையாம்! பத்து வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுவதற்குப் பேர் ரகளை. நானும் பார்க்கிறேன், என் வகுப்பிலிருந்து அவளை எப்படி அனுப்புகிறார்கள் என்று.

ஜன்னலோரம்தான் வேண்டும் என்று நேரே போய் உட்கார்ந்தாள். ஜன்னலம்மா என்று பேர் வைத்துவிட்டேன். அவள் சட்டை செய்யவில்லை. வகுத்தல் கணக்கை நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை போட்டு வைத்திருக்கிறாள். பேச்சுதான் அளந்து அளந்து வருகிறது.

ஜூலை 11, வியாழன்

மாதம் ஒருமுறை வருகிற சிறப்பாசிரியை இன்று வந்தார். "மத்த பிள்ளைங்களுக்கு அவளைப் பத்திச் சொல்லுங்க, நல்லதுதான். ஆனா எதைச் சொல்லலாம்னு முதல்ல அவகிட்டயும் அவங்கம்மாகிட்டயும் கேட்டுக்கோங்க" என்றார். தலையாட்டினேன்.

ஜூலை 15, திங்கள்

கேட்கவில்லை. அம்மா சலவைக் கூடத்தில் ஷிப்ட் வேலை, போனை எடுப்பதில்லை. பிள்ளையிடம் கேட்டால் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நானே முடிவு செய்தேன்.

அவளை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்ற நாற்பது பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். ஒரு வாரமாகக் கவனித்ததை வைத்து, அவளுக்கு ஆகாதவை ஆறு என்று பலகையில் எழுதினேன். நாற்காலியை இழுக்கும் சத்தம். பின்னாலிருந்து தொடுவது. பேனாவை டிக் டிக்கென்று அமுக்குவது. அவள் பொருளை இடம் மாற்றுவது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது. சொல்லாமல் விளக்கை அணைப்பது. பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். என் செல்லம், வகுப்பு லீடர், முத்து முத்தான எழுத்தில் அதை ஒரு சார்ட்டில் எழுதிப் பின்சுவரில் ஒட்டினாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஜன்னலம்மா அந்தச் சார்ட்டின் முன் நின்று, ஆறையும் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 22, திங்கள்

ஒரு வாரமாக வகுப்பில் நாற்காலியைத் தூக்கித்தான் வைக்கிறார்கள். பெரிய மிஸ்ஸே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். வீட்டில் இவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

கணக்கு டெஸ்ட் ஆரம்பிக்கும்போது விடைத்தாள் எடுக்க அலுவலகம் போனேன். திரும்புவதற்குள் அலறல். மேசைக்கு அடியில் கிடந்தாள், சுருண்டு. டெஸ்ட் தள்ளிவைப்பு.

"ஒண்ணு" என்றார் பெரிய மிஸ்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும். அறிவியல் டெஸ்ட். நான் விடைத்தாள் எடுத்து வருவதற்குள் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள், ரத்தம். டெஸ்ட் தள்ளிவைப்பு. என்ன ஆச்சும்மா, என்ன ஆச்சு என்று நான் கத்தியதில் இன்னும் மோசமாகிவிட்டது. புத்தி கெட்டவள் நான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இவர் பட்டறையில் வண்டி பழுது பார்ப்பவர். சாயங்காலம் புலம்பினேன். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரே இடத்துல ரெண்டு தடவை பஞ்சர் ஆச்சுன்னா டயரைக் குத்தம் சொல்லாதே. ரோட்ல ஆணி கிடக்கான்னு பாரு."

திங்கள், திங்கள். இரண்டும் டெஸ்ட். இரண்டு தடவையும் நான் அறையில் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அலுவலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவில், கதவு மறைவில் நின்றேன்.

லீடர் தலையை அசைத்தாள். பின்வரிசையில் ஒருவன் நாற்காலியை இழுத்தான். பிறகு பேனாக்கள் – ஐந்தா, பத்தா – டிக் டிக் டிக். அவளுக்குப் பின்னால் இருந்தவள் எட்டிக் கழுத்தில் விரல் வைத்தாள். எல்லாம் என் சார்ட்டில் இருப்பவை. நான் உள்ளே ஓடுவதற்குள் தலையை மேசையில் மோத ஆரம்பித்துவிட்டாள். நெற்றி புடைத்துவிட்டது. ஐயோ, என்ன பாவம் பண்ணிட்டேன்.

லீடரைத் தனியாகக் கூப்பிட்டு ஏன்டி என்றேன். "படிக்கலை மிஸ். அவ கத்தினா டெஸ்ட் நின்னுடும்ல. நாங்க அவளை அடிக்கவெல்லாம் இல்லை மிஸ்... நீங்கதானே எழுதிப் போட்டீங்க."

பெரிய மிஸ் இந்தத் தடவை 'மூணு' என்றுகூட எண்ணவில்லை. நாளைக்கு அம்மாவை வரச்சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அந்த அம்மா வேலைச் சீருடையோடு வந்திருந்தார். பெரிய மிஸ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவளுக்குச் சொல்லத் தெரியலை மிஸ். நீங்க கூட இருந்தீங்களே. என்னதான் ஆச்சு?"

என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. லீடரின் அப்பா பள்ளிக் குழுவில் இருக்கிறார். பட்டியலை எழுதியது யார் என்று கேள்வி வரும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. எவ்வளவு வேகம் பாருங்கள், சுயநலத்துக்கு!

"தெரியலைம்மா" என்றேன்.

டி.சி. பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று என் கையால்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சார்ட்டைக் கிழித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பெரிய மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "டி.சி. குடுத்தாச்சு. இப்ப இதைக் கிளறினா நாப்பது வீட்டுக்கு யார் பதில் சொல்றது? போய் டெஸ்ட்டை நடத்துங்க."

நடத்தினேன். முதலில் வகுப்பிடமும் பேசினேன். தப்பு என்னிடம்தான் ஆரம்பித்தது என்றேன். லீடர் மேசையில் கவிழ்ந்து அழுதாள். ஒருவன் மட்டும் கை தூக்கி, "ஜன்னல் சீட்ல நான் உட்காரட்டுமா மிஸ்?" என்று கேட்டான். வெளியே போடா என்று கத்திவிட்டேன். அவனைச் சொல்லி என்ன பயன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முகவரி தேடிப் போனேன். மூன்றாம் மாடி. வேறு பள்ளி எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அம்மா வேலையை விட்டுவிட்டார்.

ஜன்னலம்மா தரையில் உட்கார்ந்து துணிக்கிளிப்புகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"யாரு வந்தாலும் இப்படித்தான் மிஸ், மனசுல வெச்சுக்காதீங்க" என்று நாற்காலியை இழுக்காமல் தூக்கி வந்து எனக்குப் போட்டார் அம்மா. ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அழவில்லை. "அன்னிக்கு உங்களைத்தானே கேட்டேன்" என்றார்.

எழுந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய், அவளுக்குப் பக்கத்திலேயே கேனைத் தடாலென்று இறக்கினார். அவள் கை காதுக்குப் போகவில்லை. அவரைப் பார்த்துவிட்டு மறுபடி கிளிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.