விளக்கை அணைத்தவளுக்கு

அடி வாயாடி,

இன்று காலை நுவரெலியாவில் கண் டாக்டரிடம் போனேன். சுவரில் தொங்கிய எழுத்துகளைக் காட்டி அந்த அம்மா இங்கிலீசில் கேட்க, நானும் விட்டுக்கொடுக்காமல் "ஐ கான்ட் சீ" என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. டாக்டர் விழித்தார். கூட வந்திருந்த உன் மகள், "என்ன பெரியம்மா?" என்று கையைப் பிடித்தாள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டியது இது. நீதான் முந்திக்கொண்டு போய்விட்டாயே. அதனால் எழுதுகிறேன்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். நான் மருந்துக் காம்பராவில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் வேலை செய்தேன். மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீசு படித்திருந்ததால், பெண்கள் நீங்கள் துரையிடம் ஏதாவது கேட்கப் போனால் என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்கள். கூரை ஒழுகுகிறது என்றால் துரை அண்ணாந்து பார்த்து "கான்ட் சீ" என்பார். பாலம் ஆடுகிறது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வந்து "குடன்ட் சீ" என்பார். நாமாக இருந்தால் 'தெரியலை' என்று சொல்லிவிட்டுப் போவோம். தெரியாமல் போனது அந்தப் பொருளின் பாடு. அவர்களுக்கோ அது 'என்னால் பார்க்க முடியவில்லை'. முடியாததைக்கூட இவ்வளவு மிடுக்காகச் சொல்ல முடியுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மழைக்காலத்தில்தான் பிள்ளைக் காம்பராவில் உன் மகளைப் பூரான் கடித்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. இருட்டில் ஆயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தையின் கை வீங்கிய பிறகுதான் என்னிடம் தூக்கி வந்தாள். மறுநாள் முதல் நீ பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். "புள்ளையோட வந்தா ஒனக்குப் பேரு போட மாட்டேன்" என்றார் கணக்கப்பிள்ளை. பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிள்ளையா, வேலையா என்ற நிலை உனக்கு.

சன்னல் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றோம். "நான் மாதாமாதம் உள்ளே போகிறேன். இருட்டு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை" என்றார் துரை. நான் தமிழில் சொன்னதும் பெண்கள் கொதித்துப் போனார்கள். நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தாய். உன் வாய் மூடினால் எனக்குப் பயம்.

பாதி வழியில் நின்றாய். "ஏன்டி, தொரை வார அன்னைக்கு உள்ள லாந்தரு எரியுமுல்ல?"

எரியும். துரை வருகிறார் என்றாலே கங்காணி மூலைக்கு ஒரு லாந்தரைப் பளபளவென்று துடைத்து மாட்டிவிடுவார். எல்லாம் மரியாதைக்கு. துரையின் தலை மறைந்ததும் அணைத்துவிடுவார்.

"அந்தாளு பொய் சொல்லலடி. நாமதான் பாக்க விடல" என்றாய்.

அடுத்த முறை துரை வந்த அன்று நல்ல வெயில். அவர் வளைவில் திரும்பும்போது நீ லாந்தர்களை ஊதி அணைத்துக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டாய். கங்காணி பதறி ஓடிவந்தார். "ஏ புள்ள, வெளக்கு எங்க?" "எண்ணெ தீந்துபோச்சுங்க" என்று நீ முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாய்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த துரை இரண்டடி வைத்தார். தகரக் குவளை ஒன்று உருண்டது. ஒரு குழந்தை வீறிட்டது. அதை மிதித்துவிடுவோமோ என்று பயந்து, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். "ஐ கான்ட் சீ எ திங்!"

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் கத்தினேன்: "தொரையால ஒன்னுமே பாக்க முடியலையாம்!" கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. துரை சிரிக்கவில்லை. தட்டுத்தடுமாறிச் சுவரைத் தொட்டார். கைத்தடியால் அதில் ஒரு சதுரம் கீறினார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றும் கீறினார்.

அந்த வாரமே சுவரை உடைத்தார்கள். முதல் கல் வெளியே விழுந்ததும் உள்ளே வந்த வெயிலை உன் மகள் கையால் பிடிக்கப் பார்த்தாள். அவளை அந்த வெளிச்சத்திலேயே உட்கார வைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாய். கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று, கூப்பிடாமலேயே உன் பேரை நீயே உரக்கச் சொன்னாயாம். எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

இன்று என் சிரிப்பு அடங்கியதும் டாக்டர் ஏதோ கண்ணாடியை மாட்டிவிட்டு மறுபடி கேட்டார். முதலில் தெரிந்தது உன் மகளின் முகம். மூக்கும் திமிரும் அப்படியே உன்னுடையவை.

ஒன்றை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நம் கஷ்டம் எதுவும் கண்ணில் படவில்லை என்று யார் சொன்னாலும் நான் இப்போது சண்டை பிடிப்பதில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிடுகிறேன். விளக்கை மட்டும் ஏற்றி வைப்பதில்லை.