முப்பதுக்கு மேல் போகாத வண்டி

பாய்,

காலையில் பழைய சாமான் வாங்குகிறவன் வாசலில் வந்து நின்றான். மருமகள் ஒட்டடை அடிக்கிறேன் என்று பரணைக் காலி செய்துவிட்டாள். உடைந்த குடை, கிழிந்த மழைக்கோட்டு, எஸ்டேட் முத்திரை போட்ட சாக்கு ஒன்று, எல்லாம் தரையில் கிடந்தன. அந்தச் சாக்கைப் பிரித்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. “இதுக்கு ஒண்ணும் தேறாதுங்க பெரியவரே, சும்மா எடுத்துட்டுப் போறனுங்க” என்றான். ஒன்றும் தேறாத சாமானை எதற்கு முதலில் எடுத்துத் தன் பை ஓரமாக வைக்கிறான்? பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சாக்கில் இன்னமும் காப்பிக்கொட்டை வாசம் அடிக்கிறது. உள்ளே உங்கள் லேப்டாப்.

ரைட்டர் கொஞ்சமும் மாறவில்லை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாம் பழகியதே என் சந்தேகத்தால்தானே.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் மூட்டை குறைகிறது என்று மேனேஜர், மூட்டைக் கணக்கு எழுதுகிற என்னைப் பிடித்துக் கத்தினார். அன்றிலிருந்து மஞ்சக்குட்டை ரோட்டில் எங்கள் கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தினேன். மற்ற டிரைவர்கள் முறைப்பார்கள், முணுமுணுப்பார்கள். நீங்கள் மட்டும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இறங்கி வந்து சீட்டைத் தூக்கிக் காட்டுவீர்கள். “நல்லாப் பாத்துக்குங்க ரைட்டரே. பாக்காம உட்டா உங்களுக்குச் சோறு எறங்காது” என்பீர்கள். எட்டு வருஷம் பார்த்தேன். ஜாக்கி, கயிறு, ஒரு அழுக்குத் துண்டு. ஒரு கொட்டை கூடக் கிடைக்கவில்லை. அப்படி ஒன்றுமே கிடைக்காததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த எட்டு வருஷத்தில் எப்போது நாம் சிநேகிதர்கள் ஆனோம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு, “டீ குடிச்சீங்களா?” என்று கேட்டீர்கள். நானும் ஏறி உட்கார்ந்து ஒண்டிக்கடை வரைக்கும் வந்தேன். உங்கள் ஜீப்பில் ஏறினால் வேலைக்கு லேட்டு என்று கூலி ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிற பெண்களும் முட்டைக் கூடைக்காரரும் பஸ்ஸை விட்டுவிட்டு உங்களுக்குத்தான் காத்திருப்பார்கள்.

பிறகு சர்க்கரை வந்தது. செருப்பு கடித்த புண் என்று நீங்கள் சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஜீப்பை விற்றீர்கள். ஒண்டிக்கடைக்குப் பின்னால் உங்கள் வீட்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்வீர்கள். “இவன் ரெண்டுல போக வேண்டிய எடத்துல மூணுல போறான் பாருங்க” என்று பல்லைக் கடிப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மா ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்கள்: “அண்ணா, தூக்கத்துல காலை காலை உதைக்கறாருங்க. இல்லாத காலுல பிரேக் போடறாருங்க.”

இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்டேட் ஆபீஸில் அப்போது புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கணக்கு எழுதத்தான் வாங்கினார்கள். கிளார்க் அதில் கார் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டு வைத்துக்கொண்டு, மேனேஜர் ஜீப் சத்தம் கேட்டால் அணைப்பான். கையும் களவுமாகப் பிடித்தேன். அதை ஒரு புகாராகத்தான் உங்களிடம் சொன்னேன்: மலை ரோடு, வளைவு, எல்லாம் அச்சாக வருகிறது பாய், விரலால் ஓட்டுகிறான் பயல்.

நீங்கள் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினீர்கள். பிறகு, “காலு வேண்டாங்களா?” என்று கேட்டீர்கள்.

வேண்டாம் என்றேன். அழுத்துகிற நாலு சாவிதான், எல்லாம் விரல்தான் என்றேன். ஜீப் விற்றதில் மிச்சம் இருந்ததைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தீர்கள். மேசையில் வைக்கிற பெட்டி ஆகாது, கட்டிலில் மடிமேல் வைக்கிற மாதிரி வேண்டும். “நீங்க வாங்கியாந்தா சரியா இருக்குமுங்க. உங்களை எவனும் ஏமாத்த முடியாது.” எட்டு வருஷம் நான் யாரைச் சோதித்தேனோ அவர் எண்ணிப் பார்க்காமல் கொடுத்தார். இந்த மனுஷன் இன்னொரு தடவை வண்டி ஓட்ட வேண்டும், அது என் பொறுப்பு என்று பஸ் ஏறினேன்.

புது லேப்டாப் வாங்க இன்னும் பத்து ஜீப் விற்க வேண்டியிருக்கும். சேலத்தில் ஒரு மாடிக் கடையில் பழையது இருந்தது. சிங்கப்பூர்ச் சரக்கு, ஒரு டாக்டர் வைத்திருந்தது, ஒரு கீறல் இல்லை என்றான் மெக்கானிக். விற்கிற பழைய சாமானெல்லாம் எப்படித்தான் டாக்டர் வைத்திருந்ததாகவே இருக்கிறதோ! எனக்கே பூச்சுற்றுகிறான் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதைச் சொல்லி விலையை அடித்துப் பேசி, சாக்கில் சுற்றி, காப்பிக்கொட்டை என்று கண்டக்டரிடம் சொல்லி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இருபது வளைவுக்கும் அணைத்த கை எடுக்கவில்லை.

கட்டிலில் வைத்து முடுக்கினால், கிளார்க்கிடம் வாங்கி வந்த விளையாட்டு ஏறவே இல்லை. மெமரி போதாது என்று திரையில் எழுதிக் காட்டியது. உங்கள் முகம் சுண்டிப் போனது. மறுநாளே நான் திரும்பச் சேலத்தில் நின்றேன்.

மெமரி எட்டு எம்பி இருக்கிறது, இன்னொரு எட்டு சேர்த்தால் பதினாறு, ஜம்மென்று ஓடும் என்றான். எட்டு என்றால் என்ன கணக்கு என்று கேட்டேன். ஒன்றுக்கு ஆயிரத்து இருபத்து நாலு என்றான். அடியில் சின்ன மூடியைக் கழற்றி, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகட்டைச் செருகப் போனவனை நிறுத்தினேன். மூட்டைக்கு நம்பர் போடுகிற வெள்ளைப் பெயின்டைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தகட்டின் ஓரத்தில் ஈர்க்குச்சியால் ஒரு புள்ளி வைத்தேன். நாளைக்கு மாற்றிவிட்டால் தெரியவேண்டுமே.

செருகி முடுக்கினான். திரையில் மெமரி எண்ணிக்கொண்டே போய்ப் பதினாறாயிரத்தில் நின்றது. அவன் சொன்ன கணக்கைப் பதினாறால் பெருக்கிப் பார்த்தேன். முன்னூற்று எண்பத்து நாலு குறைந்தது. எங்கே என்றேன். “அது மெஷினே உள்ள எடுத்துக்கும் சார். எல்லா மெஷின்லயும் அப்படித்தான்.” காப்பிக்கொட்டை காய்ந்தால் எடை குறையும் சார் என்று என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! கடையில் வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, முன்னூற்று எண்பத்து நாலுக்காக நான் போட்ட சண்டையை உங்களுக்கு நடித்தே காட்டினேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “அது இருக்கட்டுமுங்க. பத்தாவது வளைவுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சே, அள்ளிட்டாங்களா?” என்றீர்கள்.

இந்தத் தடவை விளையாட்டு ஏறியது. திரையில் மலை, ரோடு, உங்கள் சிவப்புக் கார். கார் திரும்பினால் பின்னாலேயே ஒரு நிழல் வால் மாதிரி இழுபட்டது. நீங்கள் விரலை வைத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, முட்டையைத் தொடுகிற மாதிரி. உங்கள் வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆனால் கார் போகவில்லை பாய். திரை மூலையில் வேகம் முப்பது, முப்பத்தொன்று, மறுபடி இருபத்தெட்டு. மற்ற ஏழு கார்களும் பறந்துவிட்டன. வளைவு வந்தால் ஹாரன் வேறு தானாக அலறியது. தினம் சாயங்காலம் வந்து பார்த்தேன். தினமும் எட்டுக்கு எட்டாவதுதான். “வண்டி இளைக்குதுங்களா?” என்று கேட்டால், “அப்படித்தானுங்க தெரியுது” என்பீர்கள். எனக்குக் கொதித்தது. கால் இல்லாத மனுஷனுக்கு இழுக்காத வண்டியைத் தலையில் கட்டிவிட்டானே பாவி என்று, மறுபடியும் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

மாடிக் கடையில் மூடியைத் திறக்கச் சொன்னேன். என் வெள்ளைப் புள்ளி இருந்தது. மெக்கானிக் ஒரு சாவியை அழுத்தினான். கார் நூற்றெண்பதில் பாய்ந்தது. நான் என்ன நினைத்தேன் என்று நினைக்கிறீர்கள்? சமவெளியில் ஓடுகிறது, மலை ஏறினால் திணறுகிறது என்று நினைத்தேன். நம் ஊர் வண்டி எது அப்படித் திணறாமல் இருந்திருக்கிறது? நம் ஊர் வோல்டேஜின் லட்சணமும் எனக்குத் தெரியும். ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தேன். அன்றைக்கும் நீங்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த வளைவில் லாரி ஒதுங்கியது, டிரைவர் கியர் மாற்றினானா என்றுதான் கேட்டீர்கள். நான் எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன்.

ஸ்டெபிலைசர் போட்டும் முப்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்கால அசர் தொழுகைக்காக நீங்கள் கட்டையை ஊன்றிக்கொண்டு முகம் கழுவப் போனீர்கள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை, கெடுத்துவிட்டேன் என்று பெயர் வரும் என்று பயம். அன்றைக்கு மெக்கானிக் அழுத்திய அதே சாவியை அழுத்தினேன். கார் சீறிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மலைமேல்தான், இதே வோல்டேஜில்தான். ஹாரனும் தானாக அலறவில்லை.

ஓ, அப்படியா சங்கதி என்று இருந்தது. மெக்கானிக் இல்லை, மெமரி இல்லை, இத்தனை நாளாக நீங்கள் என்னை ஏய்த்திருக்கிறீர்கள். தொழுது முடித்து வந்து உட்காரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். “எட்டு வருஷம் சீட்டைத் தூக்கிக் காட்டுனீங்க பாய். இதுல என்னத்தை மறைக்கறீங்க? எதுக்கு என்னைச் சும்மா மலை எறங்கி ஏற விட்டீங்க?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போனது.

நீங்கள் கோபப்படவில்லை. பெட்டியை மடிக்கு இழுத்து, விரலை வைத்து, காரைக் கிளப்பினீர்கள். மெதுவாக.

“ஏனுங்க ரைட்டரே, வண்டி நெறைய ஆளு உக்காந்திருக்குதுங்க. முன்னாடி முட்டைக்காரரு கூடையை மடியில வச்சிருக்காரு. நடுவுல மஞ்சக்குட்டைப் புள்ள, நெறமாசம். பின்னாடி கம்பியைப் புடிச்சுக்கிட்டு நீங்க நிக்கறீங்க. நான் எப்படிங்க வேகமாப் போறது?”

வளைவு வந்தது. உங்கள் இன்னொரு விரல் ஹாரன் சாவியைத் தொட்டது.

“இதா, இது சேர்வராயன் கோயில் பிரிவுன்னு வச்சுக்குங்க. இதைத் தாண்டுனா நம்ம ரோடு” என்றீர்கள். பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: “நீங்க சேலம் போய்ட்டு வந்தாத்தானுங்க எனக்கு ரோட்டுச் சேதி கெடைக்குது. நல்லா ஓடுதுன்னு சொல்லியிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. வேற எவனும் உங்களை மாதிரி வளைவு வளைவாச் சொல்ல மாட்டேங்கறான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டாவி விடுவது மாதிரி வாயைப் பொத்தி மறைத்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அதன் பிறகு நான் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. கட்டிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். காரணமே இல்லாமல் மாதம் ஒரு தடவை சேலம் போய், காரணமே இல்லாமல் அந்த மெக்கானிக்கிடம் சண்டை போட்டுவிட்டு, வளைவு எண்ணிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்தால், “ஒண்டிக்கடை வந்துருச்சு, டீ குடிக்கறவங்க எறங்குங்க” என்று காரை நிறுத்துவீர்கள். அந்த விளையாட்டில் ஒரு நாளும் நாம் ஜெயிக்கவில்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவும் இல்லை.

மார்கழியில் ஒரு காலை, பனி விலகாத நேரத்தில், உங்கள் தம்பி ஆள் அனுப்பினார். தூக்கத்திலேயே என்றார்கள். வந்தேன். வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். எடுப்பதற்கு முன் உங்கள் தம்பி வெளியே வந்து என் கையைப் பிடித்தார். “ரைட்டரே, மூடப் போறாங்க. கடைசியா ஒருதரம் மொகத்தைப் பாத்துக்குங்க” என்றார். நீங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு சொல்வீர்களே, அதே சொல்.

எத்தனை மூட்டை பிரித்துப் பார்த்தவன் நான், எத்தனை கூடை கவிழ்த்துப் பார்த்தவன். நான் உள்ளே போகவில்லை பாய்.

நாற்பது நாள் கழித்து உங்கள் வீட்டுக்காரம்மா இந்தப் பெட்டியை அதே சாக்கில் வைத்துக் கொடுத்தார்கள். “இதுல ஏறி உக்காந்தது நீங்க ஒருத்தருதானுங்கண்ணா” என்றார்கள். நான் முடுக்கிப் பார்க்காமல் பரணில் போட்டேன்.

இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அடி மூடியைக் கழற்றினேன். திருகு துருப் பிடித்திருந்தது. தகடு இருக்கிறது. ஓரத்தில் என் வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது, கொஞ்சம் மஞ்சளாகிப் போய். மெக்கானிக் என்னை ஏமாற்றவில்லை. பழைய சாமான்காரனும் நல்லவனாகவே இருக்கலாம். முன்னூற்று எண்பத்து நாலு மட்டும் எங்கே போனது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறது. உங்கள் தம்பி சொல்கிறார், என் மருமகள் சொல்கிறாள், எல்லாரும் பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள். அடுத்தவர் பார்த்ததை வைத்து நான் எந்த மூட்டைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒண்டிக்கடையில் நிற்கிறபோது கீழே வளைவில் ஹாரன் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். வண்டி நிறைய ஆள், நிறைமாதப் பெண் வேறு, முப்பதுக்கு மேல் நீங்கள் போகமாட்டீர்கள். வர நேரம் ஆகத்தான் செய்யும்.